காசடிச்சது ஆர், கட்டினது ஆர்? வவுனியா அக்காவுக்கு ஒரு பதில்

வணக்கம் அக்கா,

உங்கட கடிதம் கிடைச்சுது. மற்ற ஆக்களும் வாசிக்கிறதால சுருக்கமா அதைச் சொல்லிட்டுத் தொடங்கிறன். தனியார் கொம்பனி ஒண்டில கனகாலம் கணக்குப் பாத்திட்டு 2021 இல வேலையை விட்டிருக்கிறீங்கள், கைக்கு வந்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை வங்கியில ஒரு வருச பிக்ஸ்ட்டில (நிலையான வைப்பில) 6 வீதத்துக்குப் போட்டிருக்கிறீங்கள், அது முதிரேக்க நாடே சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் கியூவில நிண்டது, பிறகு 2022 கடைசியில பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி ஒரு பகுதியை ட்ரெஷரி பில்லுக்கு (அரசாங்கம் ஒரு வருசத்துக்குள்ள திருப்பித் தாறதெண்டு விக்கிற கடன் பத்திரம்) மாத்தி 29 வீதம் எடுத்திருக்கிறீங்கள், 2025 இல அதே பில் 8 வீதத்துக்குக் கிட்ட வந்திட்டுது. வங்கியில இருக்கிற பிள்ளை பத்து வருசப் பிணைமுறி (அரசாங்கத்தின்ட நீண்டகாலக் கடன் பத்திரம்) வாங்கச் சொல்லுது, கனடாவில இருக்கிற மகன் "அரசாங்கம் திருப்பிக் காசடிக்கும், எல்லாத்தையும் டொலரா மாத்துங்கோ" எண்டுறார், தம்பி "இனி அடிக்க ஏலாது, சட்டம் வந்திட்டுது" எண்டுறார். உங்கட கணவரின்ட ஈபிஎஃப் இன்னும் உள்ளுக்க இருக்கு, அதுக்கு என்ன நடக்கும் எண்டும் கேட்டிருக்கிறீங்கள். எல்லாத்துக்கும் மேல, "அரசாங்கம் கடன் எடுக்கிறதுக்கும் நான் வாங்கிற பாணின்ட விலைக்கும் என்ன சம்பந்தம்" எண்டு ஒரு வரி. அந்த வரிக்குப் பதில் விளங்கினால் மிச்சத்தை நீங்களே முடிவெடுப்பீங்கள், அதால அதிலயே தொடங்கிறன்.

கொழும்பில கிழமைக்கொரு தரம், வழமையா புதன்கிழமையில, ட்ரெஷரி பில் ஏலம் நடக்கும். 91 நாள், 182 நாள், 364 நாள் எண்டு மூண்டு விதம். போன தரம் வாங்கின கடன் முதிருது, அதைக் கட்டவும் வேணும், புதுசாத் துண்டு விழுகிற தொகைக்கும் வேணும், ரெண்டையும் சேர்த்து இவ்வளவு பில்லியன் வேணும் எண்டு அரசாங்கம் அறிவிக்கும். வங்கிகளும் பிரைமரி டீலர்மாரும் (ஏலத்தில நேரடியா வாங்க அனுமதி இருக்கிற நிறுவனங்கள்) தாங்கள் என்ன வட்டிக்கு எவ்வளவு தருவம் எண்டு விண்ணப்பம் போடுவினம். கேட்ட தொகை கேட்ட வட்டிக்கு வந்தால் பிரச்சினையில்ல. வராமல் விட்டால்தான் கதை. அப்ப அரசாங்கத்துக்கு மூண்டு வழி. வட்டியைக் கூட்டிக் குடுக்கலாம், செலவைக் குறைச்சு வரியைக் கூட்டலாம், ரெண்டுமே அரசியல்வாதிக்குக் கசக்கும். மூண்டாவது வழி, விலைப்படாத பில்லை மத்திய வங்கி வாங்கிறது.

நீங்கள் கணக்குப் பாத்த ஆள், அதால இதை ஏட்டிலயே பாப்பம். ஒரு உதாரணத்துக்கு 10 பில்லியன் ரூபாய்க்குரிய பில் விலைப்படேல்ல எண்டு வையுங்கோ. அதை ஒரு தனியார் வங்கி வாங்கியிருந்தால் அந்த வங்கிக்கு மத்திய வங்கியில இருக்கிற கணக்கில 10 பில்லியன் குறையும், அரசாங்கத்தின்ட கணக்கில 10 பில்லியன் கூடும், மொத்தத்தில காசு இடம் மாறினதுதான். மத்திய வங்கியே வாங்கினால்? சொத்துப் பக்கத்தில ட்ரெஷரி பில் 10 பில்லியன் ஏறுது, பொறுப்புப் பக்கத்தில அரசாங்கத்தின்ட கணக்கு 10 பில்லியன் ஏறுது, ஆரின்ட கணக்கிலயும் ஒரு சதம் குறையேல்ல. அடுத்த நாள் அந்தக் கணக்கில இருந்து சம்பளம் போகுது, கொந்திராத்துக்காரருக்குக் காசு போகுது, அது போய்ச் சேருற வங்கிகளின்ட இருப்பு ஏறுது, அந்த வங்கிகள் அதை வைச்சு இன்னும் கடன் குடுக்கலாம். இதுதான் காசடிக்கிறது. மெசின் ஓட வேணும் எண்டில்ல, தாள் நோட்டு கூட வேணும் எண்டுமில்ல, ரெண்டு பதிவு போதும். சாமான் கூடாமல் இந்தப் பதிவு மட்டும் மாசக்கணக்காக் கூடிக்கொண்டு போனால் பாணின்ட விலைக்கு என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல.

எங்கட நாட்டில அது எப்படிக் கூடினது எண்டு பாருங்கோ. 2019 கடைசியில ஆட்சி மாறின கையோட வற் வரியை 15 வீதத்தில இருந்து 8 ஆக்கிச்சினம், வேறயும் சில வரிகளைத் தூக்கிச்சினம். அடுத்த வருசம் கொரோனாவும் வந்திது. 2019 இல ஏறக்குறைய 1,735 பில்லியனா இருந்த வரி வருமானம் 2020 இல 1,217 பில்லியனா இறங்கிச்சு. செலவு இறங்கேல்ல. அப்ப கடன் கூட வேணும், கடன் கூட வேணுமெண்டால் வட்டி ஏற வேணும், ஆனால் வட்டி ஏறக்கூடாது எண்டு மேல ஒரு முடிவு. அதால ஏலத்தில "இதுக்கு மேல வட்டி தரமாட்டம்" எண்டு ஒரு உச்ச வட்டியை வைச்சினம். கொள்கை வட்டி, அதாவது மத்திய வங்கி மற்ற வங்கிகளிட்ட வைப்பு எடுக்கிற வட்டியும் அவைக்குக் கடன் குடுக்கிற வட்டியும், 2020 யூலையில இருந்து ஒரு வருசத்துக்கு மேல 4.5 க்கும் 5.5 க்கும் நிண்டது. அந்த உச்ச வட்டிக்குக் குடுக்க வங்கிகளுக்கு விருப்பமில்ல, கன ஏலங்களில கேட்ட தொகை முழுக்க வராமல் போகும், மிச்சம் மத்திய வங்கியின்ட தலையில. 2019 கடைசியில மத்திய வங்கி வைச்சிருந்த அரசாங்கக் கடன் பத்திரம் 100 பில்லியனுக்கும் குறைவு. 2021 கடைசியில அது 1,400 பில்லியனையும் தாண்டிட்டுது. 2022 கடைசியில 2,500 பில்லியனுக்கும் மேல.

இதை ஏன் ஒருத்தரும் மறிக்கேல்ல எண்டு கேப்பீங்கள். கதிரைகளைப் பாத்தால் விளங்கும். பழைய நாணயச் சட்டத்தின் கீழ, அது 1949 ஆம் ஆண்டுச் சட்டம், அரசாங்கத்துக்காகக் கடன் பத்திரம் விக்கிறது மத்திய வங்கிக்குள்ள இருந்த பொதுக்கடன் திணைக்களம். வட்டியைத் தீர்மானிக்கிறது அதே மத்திய வங்கியின்ட நாணயச் சபை. அந்தச் சபையில திறைசேரியின்ட செயலாளருக்குப் பதவிவழியா ஒரு கதிரை, அதாவது கடன் கேக்கிற ஆளே கடனுக்கு என்ன வட்டி எண்டு முடிவெடுக்கிற மேசையிலயும் இருந்தவர். அது காணாதெண்டு நாட்டிலயே பெரிய அளவில பிணைமுறி வாங்கிற ஈபிஎஃப்பை நிர்வகிக்கிறதும் அதே மத்திய வங்கிதான். கடன் விக்கிறவருக்கு வட்டி குறைய வேணும், விலைவாசியைக் காக்கிறவருக்கு சில நேரம் வட்டி ஏற வேணும், ஈபிஎஃப் அங்கத்தவருக்கு எப்பவும் வட்டி கூட வேணும். மூண்டு பேரும் ஒரே கட்டிடத்தில, ஒரே ஆளுநருக்குக் கீழ. ஆர் வெண்டது எண்டு உங்களுக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால் 2020 இலயும் 2021 இன்ட முதல் பாதியிலயும் விலைவாசி பெரிசா ஏறேல்ல, அதைக் காட்டி "பாத்தீங்களோ, காசடிச்சால் பணவீக்கம் வராது" எண்டு பெரிய பெரிய ஆக்களே கதைச்சினம். ஏன் ஏறேல்ல எண்டால் அந்தக் காசு வேற வழியால வெளிய போய்க்கொண்டிருந்தது. கையில ரூபாய் கூடினால் ஆக்கள் சாமான் வாங்குவினம், எங்கட நாட்டில கன சாமான் கப்பலில வாறது, அதுக்கு டொலர் வேணும். 2021 செப்டெம்பரில இருந்து ஒரு டொலர் 200, 203 ரூபாய்க்கு மேல போகக்கூடாதெண்டு பிடிச்சு வைச்சிருந்தவை, அப்பிடிப் பிடிச்சு வைக்கிறதெண்டால் மத்திய வங்கி தன்ட டொலரை வித்துக்கொண்டே இருக்க வேணும். இதில ஒரு சுழி இருக்கு. மத்திய வங்கி டொலரை விக்கேக்க பதிலுக்கு ரூபாயை வாங்கும், அந்த ரூபாய் சந்தையில இருந்து மறையும், வங்கிகளிட்ட காசு தட்டுப்படும், தட்டுப்பட்டால் வட்டி தானா ஏறும், ஏறினால் இறக்குமதி தானாக் குறையும். விட்டிருந்தால் நோய் அரைவாசி தானாவே மாறியிருக்கும். ஆனால் வட்டி ஏறக்கூடாதே, அதால திருப்பிப் பில்லை வாங்கிப் புதுக்காசை விட்டினம், அந்தக் காசு திருப்பி டொலரைத் தேடிப் போனது. ஓட்டைத் தாங்கிக்குக் கிணத்துத் தண்ணியை இறைச்சு இறைச்சு ஊத்தின மாதிரி, கிணறு வத்தினதுதான் மிச்சம். 2019 கடைசியில 7.6 பில்லியன் டொலரா இருந்த வெளிநாட்டு ஒதுக்கு 2021 கடைசியில 3.1 பில்லியன், அதிலயும் பாதிக்குக் கிட்ட சீனாவோட செய்த நாணய மாற்று, நினைச்ச நேரம் எடுத்துச் செலவழிக்க ஏலாதது. அந்த நிலைமையில 2022 சனவரியில 500 மில்லியன் டொலர் பிணைமுறியையும் கட்டினவை. அந்தக் காசை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைச்சிருந்திருக்கலாம் எண்டு எனக்கு இப்பவும் கோவம்தான்.

மார்ச்சில டொலரை விட்டினம், ரெண்டு மாசத்தில 360 ரூபாய்க்குப் போட்டுது. அடைபட்டு நிண்ட பணவீக்கம் அந்த வழியால உடைச்சுக்கொண்டு வந்திது. ஏப்ரல் 8, புது ஆளுநர் நந்தலால் வீரசிங்க வந்த கையோட கொள்கை வட்டியை ஒரே அடியா 7 வீதம் கூட்டி 13.5 க்கும் 14.5 க்கும் கொண்டுபோனார். ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாதெண்டு அறிவிச்சாச்சு. செப்டெம்பரில கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் எண்டால் 94.9.

இதில கன பேர் கவனிக்காத ஒண்டு, காசடிக்கிறது ஏப்ரலோட நிக்கேல்ல. மேலே சொன்ன கணக்கைப் பாருங்கோ, 2022 முழுக்க ஏறினது. மே மாசம் பிரதமரா வந்த ரணில் விக்கிரமசிங்க அரச ஊழியருக்குச் சம்பளம் போட விருப்பமில்லாட்டியும் காசடிக்கத்தான் வேணும் எண்டு நாட்டுக்கே சொன்னவர். அப்ப அதே காசடிப்பு நடக்கேக்க பணவீக்கம் எப்படி இறங்கினது? வட்டி ஏறினதால தனியார் ஆக்கள் கடன் எடுக்கிறதை நிப்பாட்டினவை, பழைய கடனைக் கட்டினவை, இறக்குமதி சுருங்கிப்போட்டுது. ஒரு பக்கத்தால அரசாங்கம் காசை விட, மற்றப் பக்கத்தால சனத்தின்ட செலவு அதைவிட வேகமாச் சுருங்கிச்சு. வேலை போனவையும் கடை பூட்டினவையும்தான் அந்தச் சுருக்கம், புள்ளிவிவரத்தில அது வடிவாத் தெரியாது.

உங்கட 29 வீதத்துக்கு வருவம். கொள்கை வட்டி 15.5 ஆ இருக்கேக்க பில் ஏன் 30 க்கும் மேல போனது? பணவீக்கம் மட்டும் காரணமில்ல. வெளிநாட்டுக் கடனைக் கட்டாமல் விட்ட அரசாங்கம் உள்நாட்டுக் கடனிலயும் கை வைக்கும் எண்ட பயம், அந்தப் பயத்துக்குத்தான் சந்தை மேலதிக வட்டி கேட்டது. பில்லில கைவைக்கமாட்டினம் எண்டு 2023 யூன் கடைசியில தெளிவானதும் வட்டி மளமளவெண்டு இறங்கினதைப் பாத்திருப்பீங்கள். நீங்கள் போட்ட நேரம் 10 லட்சத்துக்குரிய ஒரு வருசப் பில் ஏழே முக்கால் லட்சத்துக்குக் கிட்ட வந்திருக்கும், முதிர்ந்து 10 லட்சம் கைக்கு வரேக்க அந்த ஒரு வருசப் பணவீக்கம் 4 வீதம்தான். அப்பிடி ஒரு லாபம் திருப்பி வராது, வரவும் கூடாது, ஏனெண்டால் அதைக் குடுக்க அரசாங்கம் 2023 இல தன்ட மொத்த வருமானத்தில முக்கால்வாசிக்கு மேல வட்டிக்கே கட்டினது. அந்த வட்டிக்காகத்தான் இப்ப நீங்கள் கடையில 18 வீதம் வற் கட்டுறீங்கள்.

அதுக்கு முதல் போட்ட 6 வீத பிக்ஸ்ட்டின்ட கணக்கு மறுபக்கம். 2021 செப்டெம்பரில போட்ட 10 லட்சம் ஒரு வருசத்தில 10 லட்சத்து 60 ஆயிரம். அதே ஒரு வருசத்தில விலை 69.8 வீதம் ஏறிட்டுது. பிரிச்சுப் பாருங்கோ, பழைய விலைக்கு அந்தக் காசு ஆறேகால் லட்சத்துக்குத்தான் சாமான் வாங்கும். மிச்சம் எங்க போனது எண்டு கேட்டால், வங்கி அந்தக் காசை அரசாங்கத்துக்கும் மற்ற ஆக்களுக்கும் கடனாக் குடுத்திருக்கு, கடன் எடுத்தவை மதிப்புக் குறைஞ்ச ரூபாயில திருப்பிக் கட்டிச்சினம். நாட்டிலயே பெரிய ரூபாய்க் கடன்காரர் அரசாங்கம். பாராளுமன்றத்தில ஒரு சட்டமும் கொண்டுவராமல், ஒருத்தரிட்டையும் கையெழுத்து வாங்காமல், உங்களிட்ட எடுத்த கடனில ஒரு பெரிய துண்டை விலைவாசி கழிச்சு விட்டிது. கடன் முகாமைத்துவம் எண்டு ஆக்கள் சொல்லுறதின்ட மிக மோசமான வடிவம் இதுதான், நான் இதை வரி எண்டுதான் சொல்லுவன், அதுவும் பிக்ஸ்ட்டும் ஈபிஎஃப்பும் தவிர வேற ஒண்டும் இல்லாத ஆக்களுக்கு மட்டும் போட்ட வரி. காணியும் டொலரும் வைச்சிருந்தவைக்கு அது படேல்ல.

உங்கட கணவரின்ட ஈபிஎஃப் இதில ரெண்டு தரம் அடிபட்டிருக்கு. 2022 க்கு ஈபிஎஃப் குடுத்தது 9 வீதம், அந்த வருசச் சராசரிப் பணவீக்கம் 45 ஐயும் தாண்டினது. 2023 இல உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வரேக்க, யூன் 30 ஐ வங்கி விடுமுறை எண்டு அறிவிச்சது ஞாபகம் இருக்கும், வங்கிகள் வைச்சிருந்த பிணைமுறியைத் தொடேல்ல, பில் வைச்சிருந்த தனியாரையும் தொடேல்ல, ஓய்வூதிய நிதியங்களின்ட பிணைமுறியை மட்டும் நீண்டகாலப் பிணைமுறிக்கு மாத்தச் சொன்னவை, முதல் சில வருசத்துக்கு 12 வீதம், பிறகு 9 வீதம். மாட்டம் எண்டால் அந்த வருமானத்துக்கு 14 வீத வரிக்குப் பதிலா 30 வீத வரி. வங்கிகள் விழுந்தால் எல்லாரின்ட வைப்பும் விழும் எண்டது அவையின்ட நியாயம், அது பொய்யில்ல. ஆனால் கியூவில நிக்கவும் ஏலாமல், காசை வெளிய எடுக்கவும் ஏலாமல் உள்ளுக்க இருக்கிற தொழிலாளியின்ட காசு கை வைக்க லேசு எண்டதும் பொய்யில்ல. மத்திய வங்கி தன்னட்ட இருந்த பில்லுகளையும் அதே நேரம் நீண்டகாலப் பிணைமுறியா மாத்திக் குடுத்தது. அவருக்கு இப்ப செய்யக்கூடியது பெரிசா ஒண்டுமில்ல. நிதியம் முறிஞ்சு போகாது, 2023 க்கு 13 வீதம் குடுத்தவை, பணவீக்கம் 5 க்குள்ள நிக்கும் வரைக்கும் 9 வீதமெண்டாலும் நட்டமில்ல. பயந்து இடையில எடுக்கிற வழி தேடி அலைய வேண்டாம்.

இப்ப தம்பியின்ட கதை. சட்டம் வந்தது உண்மை. 2023 ஆம் ஆண்டு 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அந்த வருசம் செப்டெம்பர் 15 இல இருந்து நடைமுறையில. ஏலத்தில மத்திய வங்கி அரசாங்கத்திட்ட நேரடியா பில் வாங்க ஏலாது. திறைசேரிச் செயலாளருக்கு அந்தச் சபையில இனிக் கதிரை இல்ல. பணவீக்க இலக்கு 5 வீதம், ரெண்டு வீதம் அங்கால இங்கால போய் ரெண்டு காலாண்டு தொடர்ந்தால் பாராளுமன்றத்துக்கு அறிக்கை குடுத்து விளக்க வேணும். கடன் விக்கிற வேலையையும் 2024 ஆம் ஆண்டுச் சட்டத்தால நிதி அமைச்சின்ட தனி அலுவலகத்துக்கு மாத்தியாச்சு. கதிரைகள் பிரிஞ்சிட்டுது, இது சின்ன விசயமில்ல. ஆனால் ஈபிஎஃப் இன்னும் அதே கட்டிடத்தில.

தம்பி சொல்லாமல் விட்டது, ஏலத்துக்கு வெளிய சந்தையில பத்திரம் வாங்க மத்திய வங்கிக்கு இப்பவும் உரிமை இருக்கு, வங்கிகளுக்குக் குறுகிய காலத்துக்குக் காசு குடுக்கவும் உரிமை இருக்கு, அது எல்லா மத்திய வங்கியும் செய்யிற வேலைதான். 2024 ஒக்டோபரில "புது அரசாங்கம் காசடிச்சிட்டுது" எண்டு பேஸ்புக் முழுக்க ஓடினது அந்த விசயம்தான், வங்கிகளுக்குக் கிழமைக்கணக்கில குடுத்த காசை அரசாங்கத்துக்கு அச்சடிச்ச காசு எண்டு காட்டிச்சினம். வித்தியாசம் என்னெண்டால், வட்டியை ஒரு இடத்தில வைச்சிருக்க நாளாந்தம் காசை விட்டு எடுக்கிறது ஒண்டு, விலைப்படாத அரசாங்கக் கடனை வாங்கிப் பூட்டி வைக்கிறது இன்னொண்டு. ரெண்டாவதை முதலாவது மாதிரி வேசம் போட்டுச் செய்யலாமோ எண்டால், செய்யலாம், வங்கிகள் மத்திய வங்கியிட்ட கடன் வாங்கி அதாலயே பில் வாங்கினால் சட்டம் உடையாமலே பழைய கதை நடக்கும். அதால சட்டத்தை நம்பிறதைவிட அரசாங்கத்தின்ட வரவு செலவைப் பாருங்கோ. வட்டியை விட்டுப் பாத்தால் 2023 இல இருந்து வருமானம் செலவைவிடக் கூட, அது நிக்கும் வரைக்கும் மத்திய வங்கியின்ட கதவைத் தட்ட வேண்டிய அவசியம் அரசாங்கத்துக்கு வராது. ஐஎம்எஃப்பும் (சர்வதேச நாணய நிதியம்) அந்த இலக்கைத்தான் இறுக்கிப் பிடிச்சிருக்கு. எனக்குப் பயம் ஐஎம்எஃப் போன பிறகு வாற முதலாவது தேர்தல்.

மகன்ட ஆலோசனை அரைவாசி சரி. பயம் சரி, மருந்து பிழை. நீங்கள் அரிசி வாங்கிறது ரூபாயில, ஆஸ்பத்திரிக்குக் கட்டுறதும் ரூபாயில. டொலர் வைப்புக்கு வட்டி குறைவு, மாத்தேக்க ரெண்டு பக்கமும் வங்கி எடுக்கும், கறுப்பில வாங்கி வீட்டில வைச்சால் சட்டமும் கள்ளனும். மகன் மாசாமாசம் அனுப்பிற காசில ஒரு பகுதியை டொலர்க் கணக்கிலயே விட்டு வையுங்கோ, அது காணும்.

பத்து வருசப் பிணைமுறிக்கு நான் முழுக்க ஓம் எண்டு சொல்லமாட்டன். 2025 இல 8 க்குக் கிட்ட பில் தந்தது, பிணைமுறி 10 ஐத் தாண்டித் தந்தது எண்டு பாக்கேக்க ஆசையாத்தான் இருக்கும். அந்த மேலதிக ரெண்டு சொச்ச வீதம் சும்மா தாறதில்ல, பத்து வருசத்துக்குள்ள திருப்பி 2021 வந்தால் நீங்கள் தாங்கிற நட்டத்துக்குக் கூலி. கணக்குப் பாப்பம். 10 வீதத்துக்கு 10 லட்சத்துக்கு வாங்கிறீங்கள், அடுத்த மாசமே சந்தை வட்டி 15 ஆகுது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு விக்க வேண்டி வருது எண்டால் கைக்கு ஏழரை லட்சம்தான் வரும். முதிரும் வரைக்கும் வைச்சிருந்தால் முழுக்க வரும், ஆனால் அந்த நேரம் அதுக்கு என்ன வாங்கலாம் எண்டது வேற கேள்வி. பில்லில இந்த ஆபத்து இல்ல, பணவீக்கம் ஏறத் தொடங்கினால் மூண்டு மாசத்தில புது வட்டிக்கு மாறலாம். மற்றப் பக்கம், வட்டி இன்னும் இறங்கினால் பில்லில இருக்கிற ஆளின்ட வருமானமும் இறங்கும்.

நான் உங்கட இடத்தில எண்டால் ஒரு வருசச் செலவுக்குரிய காசை 91 நாள், 182 நாள் பில்லிலயும் சேமிப்பிலயும் வைப்பன். மிச்சத்தில பெரிய பகுதியை ரெண்டு தொடக்கம் நாலு வருசத்துக்குள்ள முதிருற பிணைமுறிகளிலயும் பிக்ஸ்ட்டிலயும் பிரிச்சு, வருசத்துக்கு ஒரு துண்டு முதிருற மாதிரிப் போடுவன். பத்து வருசத்தில போட ஆசையெண்டால் அஞ்சில ஒரு பங்குக்கு மேல வேண்டாம், அதுவும் விக்கத் தேவை வராத காசு. பிணைமுறியை ரெண்டாம் சந்தையில (ஏலத்துக்குப் பிறகு பத்திரம் கைமாறுற சந்தை) வாங்கேக்க வங்கி சொல்லுற விலையோட நிக்காமல் இன்னொரு பிரைமரி டீலரிட்டயும் கேளுங்கோ, கால் வீதம் அரை வீதம் வித்தியாசம் வரும். ரெண்டு வீதம் கூடத் தாறம் எண்டு வாற பினான்ஸ் கொம்பனியளில போடுறதெண்டால் ஒரு நிறுவனத்தில 11 லட்சம் வரைக்கும்தான் வைப்புக் காப்புறுதி எண்டதை மறக்க வேண்டாம். வட்டியில 10 வீதம் பிடிக்கிறது 2025 ஏப்ரலில இருந்து, உங்கட வருச வருமானம் 18 லட்சத்துக்குக் கீழ எண்டால் வங்கியில சுயபிரகடனப் படிவம் குடுத்தால் வைப்பு வட்டியில பிடிக்கமாட்டினம், இதை கன பேர் குடுக்காமல் விட்டிருக்கினம்.

புதன்கிழமை பின்னேரம் ஏல முடிவை மத்திய வங்கியின்ட இணையத்தளத்தில போடுவினம், மகனிட்டச் சொன்னால் போனில எடுத்துக் காட்டுவார். வட்டி எவ்வளவு எண்டதை எல்லாரும் பாப்பினம். நீங்கள் வேற ரெண்டு நிரலைப் பாருங்கோ, அரசாங்கம் கேட்ட தொகை எவ்வளவு, ஏற்றுக்கொண்ட தொகை எவ்வளவு எண்டு. ஒரு கிழமை குறைஞ்சால் ஒண்டுமில்ல. மாசக்கணக்கா கேட்டதில பாதி வாறதும், அதே நேரம் வட்டி மட்டும் அசையாமல் நிக்கிறதுமா ஒண்டாக் கண்டால், நீண்டகாலத்தில இருக்கிறதைக் குறைச்சு 91 நாளுக்கு மாறுங்கோ, எனக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.